லுவான் ஊதிய எறும்பு

முட்டை வாங்கினால் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்த பிறகுதான் கூடையில் போடுவேன். மீன்காரி "இப்பத்தான் பிடிச்சது" என்றால் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். பெண் பார்க்க வந்த அன்றே மாப்பிள்ளைக்குப் பல்லெல்லாம் சொந்தப் பல்தானா என்று கேட்டவள் நான். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஜாதி இல்லை. ஆகவே லுவானைப் பற்றி நான் சொல்வதை வைத்து, இவள் ஏதோ அவனைத் தூக்கிவைத்துக் கொண்டாடியவள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மூன்று வருஷம் அவனை நான் ஒரு நொடிகூட நம்பவில்லை.

என்னை ஆறாம் அக்கா என்று கூப்பிடுவார்கள். எங்கள் பக்கம் பிறந்த வரிசைதான் பெயர். சொந்தப் பெயர் கல்யாணப் பத்திரிகையோடு சரி. காங் முதலாளியின் மரச்சாமான் பட்டறையில், பின்கட்டில் எனக்கு ஒரு முக்காலியும் ஒரு வாளித் தண்ணீரும் உண்டு. வார்னிஷ் அடித்துக் காய்ந்து வரும் மேஜையையும் அலமாரியையும் வாட்டர் பேப்பரால் தேய்த்து, கடைசியில் உள்ளங்கையால் மெருகு ஏற்றி, முகம் தெரிகிற மாதிரி ஆக்கி அனுப்புவது என் வேலை. அதற்கு முன்னால் இருபது வருஷம் நிஜ அரக்கைத் தேய்த்தவள். மரத்துப் பாலை ஒரு பூச்சு பூசி, அரக்கு ஈரத்தில்தான் காயும் என்பதால் ஈரப் பெட்டியில் வைத்து, காய்ந்ததும் தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி தேய்த்து, ஒரு மேஜைக்கு நாலு மாதம் எங்கள் தெருவில் ஆகும். லுவான் அதே மேஜையை நாலு நாளில் முடித்துக் கொடுத்தான். சந்தேகம் வருமா வராதா, நீங்களே சொல்லுங்கள்.

அவன் எங்கள் தெருப் பிள்ளைதான். அப்பா, பெரியப்பா, அத்தை எல்லோரும் அரக்கு வேலை. இவனுக்கு மட்டும் அரக்கு ஆகாது. பச்சைப் பால் பட்டால் போதும், மூன்றாம் நாள் முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கி, கண் இரண்டும் மூடிக்கொள்ளும். "அரக்கு முகம் பார்த்துத் தின்னும், பேய் ஆள் பார்த்துப் பிடிக்கும்" என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். இவன் முகத்தை அரக்கு பார்த்துவிட்டது. பதினேழு வயதில் சைகோனுக்கு ஓடி, ஒரு சந்தில் உட்கார்ந்து மோட்டார் சைக்கிள் டாங்கிலும் ஹெல்மெட்டிலும் ஏர்பிரஷ் வைத்துப் புலியும் டிராகனும் ஊதிக் கொடுத்துப் பிழைத்தான். அந்த ஏர்பிரஷ் பார்க்கப் பேனா மாதிரிதான் இருக்கும். பின்னால் ஒரு குழாய் கம்ப்ரசருக்குப் போகும். முன்னால் ஊசி முனையிலிருந்து சாயம் புகை மாதிரி வரும்.

கல்யாணம் செய்துகொண்டது யாரைத் தெரியுமா? மியென் என்ற அரக்குக்காரியை. அதுவும் ஆற்றுக்கு அக்கரையில் ஐந்து தலைமுறையாக அரக்கு செய்கிற வீட்டுப் பெண்ணை. வேலை முடிந்ததும் அவள் பக்கத்து வீட்டுக் குளியலறையில் சட்டை மாற்றி, சமையல் எண்ணெய் தேய்த்துக் கை கழுவி, அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவி, அதன் பிறகுதான் தன் வீட்டு வாசலை மிதிப்பாள். ஒரு நாள் தவறியதில்லை. பதினோரு வருஷமாக இப்படி.

காங் முதலாளி போலி அரக்குச் சாமான் விற்கலாம் என்று முடிவு செய்தபோது லுவானைக் கூட்டிவந்து முன்கட்டில் ஒரு கண்ணாடி அறை போட்டுக் கொடுத்தார். ஒளிக்கவில்லை, போலி என்றே எழுதித்தான் விற்றார். எங்கள் அரக்குச் சங்கத்தின் முத்திரை நிஜ வேலைக்கு மட்டும்தான். லுவானின் சாமான் முத்திரை இல்லாமல் வெளியே போகும்.

வாத்து முட்டை ஓட்டை உடைத்து ஒட்டிக் கொக்கு செய்வோமே, அதை அவன் ஓடே இல்லாமல் செய்தான். வெள்ளையைக் கொஞ்சம் ஊதுவான், விரிசலுக்கு வெட்டின பிளாஸ்டிக் தாளை வைத்துக் கறுப்பை ஊதுவான், அப்புறம் தாளை எடுத்துவிட்டு ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் மூச்சு விடுகிற அளவுக்கு நிழல் கொடுப்பான். தடவிப் பார்த்தால் வழவழ என்றிருக்கும், கண்ணுக்கு மேடு தெரியும். சிவப்பு தேய்ந்து உள்ளே கறுப்பு தெரிகிற பழைய மேஜையின் விளிம்புகூட அவன் கையில் அரை மணி வேலை. எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

அரக்கு ஆகாது என்பதே சோம்பேறித்தனத்துக்கு ஒரு சாக்கு என்று நினைத்தேன். வந்த முதல் மாதமே சோதித்துவிட்டேன். மியென் வேலை செய்யும் இடத்தில் வீசிப் போட்ட, அரக்குப் பால் துடைத்த துணி ஒன்றை எடுத்துவந்து அவன் மேஜை மேல் தூரிகைகளோடு வைத்தேன். மூன்றாம் நாள் அவன் முகம் வீங்கி வேலைக்கு வரவில்லை. மியென் என் கொல்லைக்கு வந்து, "அக்கா, உங்க மரத்துல தமரத்தை இலை கொஞ்சம் பறிச்சுக்கட்டுமா? கொதிக்க வெச்சு முகத்துல ஊத்தணும்" என்றாள். "பறிச்சுக்கோ, கேக்கணுமா" என்றேன் நான். நானே ஏறிப் பறித்துக் கொடுத்தேன். எங்கே தொட்டான், எப்படிப் பட்டது என்று அவள் புலம்பப் புலம்ப, நான் இலையை எண்ணுகிற மாதிரி கீழே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆனாலும் புத்தி வந்ததா? அவனிடம் வேறு குற்றம் தேடினேன். கிடைத்தது. அவன் சாமான் ஒவ்வொன்றிலும் வார்னிஷுக்குள் ஒரு எறும்பு மாட்டியிருக்கும். ஈரமாக இருக்கும்போது தூசி, முடி, கொசு மாட்டுவது எந்தப் பட்டறையிலும் சகஜம்தான். ஆனால் ஒவ்வொன்றிலுமா? "சுத்தம் கெட்டவன், அறைக்குள்ள சர்க்கரைக் காப்பி குடிக்கிறான்" என்று முடிவு கட்டினேன். பிளேடு முனையால் எறும்பைச் சுரண்டி எடுத்து, அந்த இடத்துக்குக் கொஞ்சம் நிறம் தொட்டு, ஒரு சொட்டு வார்னிஷ் விட்டு, காய்ந்ததும் தேய்த்து மெருகேற்றிவிடுவேன். ஒட்டுப்போட்டது என்று பெற்ற தாய்கூடச் சொல்ல முடியாது. அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் திருந்திவிடுவானே! புது வருஷத்துக்கு முதலாளி எல்லோரையும் உட்காரவைத்துப் பேசும்போது மொத்தமாக எடுத்துவிடலாம் என்று வைத்திருந்தேன்.

இப்படி இருக்கையில், ஒரு வியாழக்கிழமை காலை சங்கத்து வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. அதிலிருந்து ஒரு அலமாரியை இறக்கினார்கள். இரண்டு கதவு, முட்டை ஓட்டுக் கொக்கு ஜோடி. பார்த்ததும் தெரிந்தது, லுவான் ஊதி நான் மெருகு போட்டது. சைகோன் வியாபாரி ஒருவன் அதை நிஜ அரக்கு, அதுவும் பழசு என்று சொல்லி, முன்னோர் படையலுக்கு வைக்க ஒரு குடும்பத்துக்கு விற்றிருக்கிறான். மூலை இடித்துப் பெயர்ந்ததில் நிஜ அரக்கில் இருக்கவே இருக்காத வெள்ளைப் பிரைமர் பூச்சு உள்ளேயிருந்து பல்லை இளித்துவிட்டது. முன்னோர் முன்னால் போலிச் சாமானை வைத்துக் கும்பிட்டோமே என்று அந்த வீட்டுப் பெரியவர் சங்கத்தின் முற்றத்தில் அழுதார்.

சங்கத் தலைவர் ஒன்பதாம் மாமாவுக்கு எழுபது வயது, நாக்குக்கு மட்டும் வயதாகவில்லை. "வியாபாரி பொய் சொன்னான், சரி. ஆனா விளிம்பை இப்படித் தேஞ்ச மாதிரி ஊதினது யாரு? அவனுக்கும் இவனுக்கும் நடுவுல ஏதோ ஓடுது" என்றார்.

எல்லோரும் லுவானைப் பார்த்தார்கள். நான்தான் முதலில் தலையாட்டினேன்.

லுவான் நிதானமாகத்தான் பேசினான். "மாமா, நான் செய்யிற ஒவ்வொண்ணுலயும் ஒரு எறும்பு ஊதி வெச்சிருக்கேன். இது போலின்னு தெரியிறதுக்குத்தான். என் பொண்டாட்டிக்குக் குடுத்த வாக்கு. இதுல இடது கதவு, கீழ் மூலை, கொக்கு கால் பக்கத்துல இருக்கும். பாருங்க."

மியெனும் வந்திருந்தாள். அவள் சொன்னாள்: "ஆமா மாமா. நான்தான் கேட்டேன். நிஜம் மாதிரியே செய், ஆனா தேடுறவன் கண்ணுக்கு ஒரு அடையாளம் இருக்கணும், இல்லேன்னா எங்கம்மா வீட்டு அரக்கை நீ திருடுற மாதிரின்னு சொன்னேன். அந்த நிபந்தனையிலதான் இந்த வேலைக்கு விட்டேன்."

பத்துப் பேர் குனிந்தார்கள். செல்போன் வெளிச்சம் அடித்தார்கள். கொக்கின் கால் இருந்தது. பக்கத்தில் கறுப்பு மட்டும்தான்.

"எறும்பு சாப்பிடப் போயிருக்கும்" என்றார் ஒன்பதாம் மாமா. முற்றமே சிரித்தது.

லுவான் மண்டியிட்டு விரலால் தடவிப் பார்த்தான். வலது கதவையும் பார்த்தான். அவன் காது சிவந்துகொண்டே வந்தது. மியென் பக்கத்தில் போய்க் குனிந்து, "எங்க?" என்று மட்டும் கேட்டாள். அவன் இடது கதவின் மூலையை மறுபடி தடவினான்.

எறும்பு என்ற சொல் என் காதில் விழவில்லையா என்று கேட்பீர்கள். விழுந்தது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அடப்பாவி, அறையில் எறும்பு மொய்ப்பது தெரிந்து அதையே சாக்காகச் சொல்கிறான் பார் என்று நினைத்தேன். ஊரில் எல்லோரையும் சந்தேகப்பட்டவள், என் கையை மட்டும் சந்தேகப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சங்கம் கூடும், அதற்குள் அவன் எறும்பைக் காட்ட வேண்டும், இல்லையென்றால் ஏர்பிரஷை வைத்துவிட்டுத் தெருவை விட்டுப் போக வேண்டும் என்று தீர்ப்பு. மியென் அன்று மாலையே தன் பையை எடுத்து வெளியே வைத்துவிட்டாள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். "தெருவை விட்டுப் போறதுன்னா கூடவே வருவேன். ஆனா பொய் சொன்னவன்கூட ஒரே பாயில படுக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை எறும்பு இல்லேன்னா நான் அம்மா வீட்டுக்கு." இதுதான் அவள் சொன்னதாம்.

சனிக்கிழமை காலை கூக் அக்காவின் காப்பிக் கடைக்குப் போனேன். நொய்ச் சோறும் பன்றி வறுவலும் சாப்பிட்டுவிட்டு ஐஸ் காப்பி சொன்னேன். கூக் கல்லாவுக்குப் பின்னால் லுவான் செய்த ஒரு சின்ன அலமாரி உண்டு. என் மகளுக்குப் பிரசவம் என்று நான் ஒரு வாரம் லீவில் போனபோது, அவசரக்காரி, தேய்க்காமலேயே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். "உன் கை படாததால கொஞ்சம் சொரசொரப்பு" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் முணுமுணுப்பாள்.

அந்த அலமாரியின் மூலையில் ஒரு எறும்பு உட்கார்ந்திருந்தது. விரலால் சுண்டினேன். போகவில்லை. நகத்தால் தள்ளினேன். நகம் வழுக்கிக்கொண்டு அதன் மேலேயே போனது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போனேன். ஆறு கால், இரண்டு உணர்கொம்பு, ஒரு முன்னங்கால் மட்டும் லேசாகத் தூக்கினபடி. வயிற்றுக்குக் கீழே மெல்லிசாக ஒரு நிழல். அந்த நிழல்தான் பாவி, அதுதான் என்னை ஏமாற்றியது. வரைந்த எறும்பு.

"என்னடி, முகம் வெளுத்துப்போச்சு? காப்பியில ஏதாவது கெடக்கா?" என்றாள் கூக்.

காப்பியை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன். மூன்று வருஷத்தில் எத்தனை எறும்பு! மேஜை, நாற்காலி, தட்டு, திரை. ஒன்று விடாமல் பிளேடால் எடுத்து, மண்ணெண்ணெய்த் துணியில் துடைத்துப் போட்டிருக்கிறேன். அவன் முன்கட்டில் ஒரு சத்தியத்தை ஊதி ஊதி வைக்க, நான் பின்கட்டில் உட்கார்ந்து அதைச் சுரண்டியிருக்கிறேன். என் கையை விட்டால் சாமான் நேரே சாக்குக்குள் போய் வேனில் ஏறிவிடும், அவன் திரும்பப் பார்க்க வழியே இல்லை.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் மூடிக்கொண்டு இருக்கலாம் என்றுதான் தோன்றியது. யாருக்குத் தெரியும்? சொன்னால் என் மெருகுக்கு இருக்கிற பேர் போகும், முதலாளி கேட்பார், ஊர் சிரிக்கும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, எனக்கு நெஞ்சு மட்டுமில்லை, விரல் நுனியெல்லாம் குறுகுறுத்தது. அன்றைக்குத் தமரத்தை மரத்தடியில் நின்ற மியென் முகம் வேறு அடிக்கடி வந்து நின்றது. இன்னொரு முறை இலையை எண்ணுகிற மாதிரி நிற்க என்னால் முடியாது என்று பட்டது.

ஞாயிறு காலை, கூக் கடை அலமாரியில் ஒரு எறும்பு இருக்கிறது என்று ஒன்பதாம் மாமாவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டுக் கிளம்பினேன். சங்கத்து வாசலில் மியென் பையோடு நின்றாள். நான் அவளைத் தாண்டி உள்ளே போய், உட்காராமலே சொன்னேன்.

"எறும்பை எடுத்தது நான்."

"எந்த எறும்பை?" என்றார் ஒன்பதாம் மாமா.

"எல்லாத்தையும். நிஜ எறும்புன்னு நெனச்சுப் பிளேடால சுரண்டிட்டேன். மூணு வருஷமா."

மாமா கண்ணைச் சுருக்கினார். "ஆறாமவளே, நீ இவனுக்குப் பரிஞ்சு பேசி நான் பார்த்ததில்லையே. எவ்வளவு நாளா இந்தப் பாசம்? கூக் கடை அலமாரியில எறும்பு இருக்குன்னு காலையில சொல்லி அனுப்பிச்ச. நேத்து ராத்திரி அவனே போய் ஊதிட்டு வந்திருந்தா?"

கூக் எழுந்துவிட்டாள். "ராத்திரி என் கடை ஷட்டரை யாரு திறந்தது மாமா, எறும்பா?"

"இருங்க" என்றேன். "கூக் எறும்பு கெடக்கட்டும். நான் எடுத்த இடத்தையே காட்டுறேன். லுவான் அன்னிக்கே எல்லார் முன்னாடியும் இடம் சொன்னான் இல்ல? இடது கதவு, கீழ் மூலை, கொக்கு கால் பக்கம்."

அலமாரி முற்றத்திலேயே கிடந்தது. மண்டியிட்டு, கொக்கின் கால் பக்கம் வாயைக் கொண்டுபோய், கண்ணாடியைத் துடைக்க ஊதுவோமே, அப்படி 'ஹா' என்று மூச்சை விட்டேன். கறுப்பின் மேல் வெள்ளையாக ஆவி படிந்தது. அதற்கு நடுவே, மிளகு அளவுக்கு ஒரு வட்டம் தெளிவாகத் தெரிந்தது. இரண்டு நொடி. ஆவி போனதும் வட்டமும் போய்விட்டது.

"ஒட்டுப்போட்ட வார்னிஷ் எவ்வளவு மெருகு போட்டாலும் ஆவியில காட்டிக் குடுத்துடும் மாமா. தேய்க்கிறவங்களுக்கு மட்டும்தான் தெரியும். வட்டம் எங்க இருக்குன்னு பாருங்க. அவன் சொன்ன இடம்."

மாமா கண்ணாடியைத் தேடினார். அதற்குள் மியென் பையைக் கீழே போட்டுவிட்டு வந்து என் தோளைப் பிடித்துத் தள்ளினாள். "நகருங்கக்கா." அவளே மண்டியிட்டு ஊதினாள். வட்டம் வந்தது, போனது. மறுபடி ஊதினாள். எழுந்தவள் என்னைப் பார்க்காமலே கேட்டாள்: "பட்டறையில இன்னும் என்னென்ன இருக்கு? நீங்க மெருகு போட்டது?"

"நாலு நாற்காலி, ஒரு டீ மேஜை."

அவள் என் வார்த்தையை நம்பவில்லை, நம்பாததுதான் சரி. முதலில் லுவானிடம் போய் நின்று, "ஒவ்வொண்ணுலயும் எங்க வெச்ச?" என்று கேட்டாள். அவன் சொல்லச் சொல்ல விரல் மடக்கிக்கொண்டாள். தெரு முழுக்க அவள் பின்னால் பட்டறைக்குப் போனது. முதல் நாற்காலியின் பின்கால். ஊதினாள், வட்டம். இரண்டாவதின் கைப்பிடிக்குக் கீழே, வட்டம். மூன்றாவது. நான்காவது. டீ மேஜைக்கு வந்தபோது அவளுக்கு மூச்சு திணறியது, அழுகையா ஊதினதா தெரியவில்லை. அதிலும் வட்டம் இருந்தது.

மேஜை மேலேயே தலையைச் சாய்த்துக்கொண்டு, "உன் வார்த்தையை நான் நம்பியிருக்கணும்" என்றாள். லுவான் பக்கத்தில் போய் நின்றான். தொடவில்லை, காலையில் அவள் அரக்கு தொட்டிருப்பாளோ என்ற பழக்கம். அவள் தன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். "மூணு நாளா வேலைக்குப் போகல. சுத்தம்தான்" என்றாள். அப்புறம்தான் அவன் அவள் தோளைத் தொட்டான்.

ஒன்பதாம் மாமா தொண்டையைச் செருமினார். அலமாரி வாங்கிய குடும்பத்துக்காக அந்த வியாபாரி மேல் சங்கமே பிராது கொடுக்கும் என்றார். எறும்பு சாப்பிடப் போன கதையை அவர் மறுபடி எடுக்கவில்லை.

கூட்டம் கலைந்தபின் லுவான் என்னிடம் வந்தான். திட்டப்போகிறான் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவன் கேட்டது இதுதான்: "அக்கா, நெஜம்மாவே நெஜ எறும்புன்னு நெனச்சீங்களா?"

"நெனச்சேன்டா."

"நீங்களா?" அவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "முட்டையை வெளிச்சத்துல புடிச்சுப் பாக்குற நீங்களா?"

அந்தச் சிரிப்பு தாங்காமல் மிச்சத்தையும் கொட்டிவிட்டேன். "தம்பி, இன்னொண்ணு. அன்னிக்கு உன் மேஜையில அரக்குத் துணியை வெச்சதும் நான்தான்."

சிரிப்பு நின்றது. "தெரியும்" என்றான். "பச்சை அரக்கு வாசனை எனக்குத் தெரியாதா? அன்னிக்கு உங்க கையிலயும் அதே வாசனை. மியென்கிட்ட சொல்லல. சொல்லியிருந்தா உங்க முடி உங்க தலையில இருந்திருக்காது."

"அப்போ எறும்பு காணாமப் போனதும் என்னைச் சந்தேகப்பட்டிருக்கலாமே?"

"வேலையில நீங்க தப்பு பண்ண மாட்டீங்கன்னு நெனச்சேன்" என்றான்.

வாளித் தண்ணீரை மாற்றப் போனேன்.

இப்போது அவன் தினமும் சாயங்காலம் பின்கட்டுக்கு வருகிறான். நான் மெருகு போட்டு முடித்த சாமான் முன்னால் வந்து நிற்கிறான். "இருக்கா அக்கா?" என்பான். "இருக்குடா" என்பேன். அப்புறமும் டார்ச்சை அடித்து, குனிந்து, எறும்பைக் கண்ணால் பார்த்த பிறகுதான் சாக்கில் கட்ட விடுவான். போன வாரம் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இத்தனைக்கு அப்புறமும் என்னை நம்ப மாட்டியா?" என்று கேட்டேன்.

"மாட்டேன்க்கா" என்றான், டார்ச்சை அணைக்காமலே.